ஆள் சிறிசு, ஆட்டம் பெரிசு: ரயில்வே கண்டெடுத்த கிளாடியஸ்

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நாளில், ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் தகப்பனுக்குக் காத்திருந்த கவலைகளில் இதுவும் ஒன்று. பையன் நன்றாக ஹாக்கி ஆடுகிறான். பந்து அவன் மட்டையில் ஒட்டிக்கொண்டு வருகிறது என்று வாத்தியார் சொல்லி அனுப்புகிறார். ஆனால் ஆள் சிறிசு. பதினேழு வயதில் பதின்மூன்று வயதுப் பையன்போல் இருக்கிறான். எதிரே ஆறடி ஆள் வந்து மோதினால் என்ன ஆவான்? இதை நம்பிப் படிப்பைக் கோட்டை விடலாமா? இதில் சோறு கிடைக்குமா? 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் தலைமுறை வந்துவிட்டது. அந்தக் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்வியோடு வைத்துப் பார்க்க ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது. அவர் பெயர் லெஸ்லி வால்டர் கிளாடியஸ். நான்கு ஒலிம்பிக் பந்தயங்களுக்குப் போய், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் கொண்டுவந்தவர். ஹாக்கியில் நான்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய இந்தியர்கள் இருவரே. இன்னொருவர் உதம் சிங். இவ்வளவு சாதித்த கிளாடியஸ் பார்வைக்குச் சிறிய மனிதர். குட்டையான, ஒல்லியான உடம்பு. பஞ்சாபிலிருந்து வந்த வாட்டசாட்டமான ஆட்டக்காரர்களுடன் வரிசையில் நின்று எடுத்த பழைய படங்களில் அவரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

1927 மார்ச் 25 அன்று பிலாஸ்பூரில் பிறந்தார். அன்று அது மத்திய மாகாணம். இன்று சத்தீஸ்கர் மாநிலம். பெங்கால் நாக்பூர் ரயில்வே, சுருக்கமாக பி.என்.ஆர்., அந்த ஊரை வளர்த்தது. சங்கு ஊதினால் வேலை, சங்கு ஊதினால் ஓய்வு என்ற வாழ்க்கை. கம்பெனி குவார்ட்டர்ஸ், கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி பள்ளிக்கூடம், கம்பெனி மைதானம். தங்கவயல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்துக்குச் செய்ததையே அங்கே ரயில்வே தண்டவாளத்துக்குச் செய்தது. கிளாடியஸ் ரயில்வே பள்ளியில்தான் படித்தார்.

அவர் ஆங்கிலோ இந்தியர். தங்கவயலின் பழைய ஆட்களுக்கு அந்தச் சமூகம் அந்நியமில்லை. சின்ன இங்கிலாந்து என்று இவ்வூருக்குப் பெயர் வரக் காரணமே அவர்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும்தான். அந்தக் காலத்து இந்தியாவில் ரயில்வே, தந்தி, சுங்கம், சுரங்கம் என்று எங்கெல்லாம் ஆங்கிலோ இந்தியர் வேலை பார்த்தார்களோ அங்கெல்லாம் ஹாக்கியும் இருந்தது. வேலை ஒரு கையில், மட்டை ஒரு கையில் என்று வளர்ந்தார்கள். 1928 முதல் ஒலிம்பிக் தங்கம் வாங்கிய இந்தியக் கோஷ்டிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் அவர்களின் பங்கு எத்தகையது என்று தெரியும்.

இத்தனைக்கும் நடுவே வளர்ந்த கிளாடியஸ் ஹாக்கிக்காரர் இல்லை என்பதுதான் வேடிக்கை. அவர் கால்பந்து ஆடுபவர். பிலாஸ்பூரிலிருந்து கரக்பூருக்கு வந்ததும் கால்பந்து ஆட்டக்காரராகத்தான். கரக்பூர் என்றால் ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்கு இரண்டு விஷயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று பெரிய பட்டறை. மற்றொன்று உலகத்திலேயே நீளமானது என்று நெடுங்காலம் பெயர் வாங்கிய பிளாட்பாரம். (அந்தப் பெருமை 2023 முதல் கர்நாடகத்தின் ஹுப்பள்ளிக்கு வந்துவிட்டது. 1,507 மீட்டர்.) மூன்றாவதாக ஹாக்கியையும் சேர்க்க வேண்டும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய டாப்செல், கல்லிபார்டி போன்றவர்கள் பி.என்.ஆருக்கு ஆடியவர்கள். சாயங்காலம் சும்மா மைதானத்துப் பக்கம் போனால் ஒலிம்பிக் வீரர் பந்து அடிப்பதைப் பார்க்கலாம் என்ற நிலை.

1946ஆம் வருஷ வாக்கில் ஒருநாள் அங்கே பயிற்சி ஆட்டம் நடந்தது. பி.என்.ஆரின் இரண்டு கோஷ்டிகள் தங்களுக்குள் மோதின. ஒரு பக்கத்தில் ஓர் ஆள் குறைந்தது. ஆட்டத்தை நடத்தியவர்களில் டிக்கி கார் இருந்தார். 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தியான் சந்துடன் தங்கம் வாங்கியவர் அவர். வேடிக்கை பார்க்க வந்திருந்த கால்பந்துப் பையன் ஒருவன் கண்ணில் பட்டான். கூப்பிட்டார், கையில் ஒரு மட்டையைக் கொடுத்து, குறைந்த இடத்தில் நிறுத்தினார். அந்தப் பையன்தான் கிளாடியஸ். அப்போது வயது பத்தொன்பது.

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிக்கி கார் அன்று ஆளை எடைபோட உட்காரவில்லை. எண்ணிக்கை குறைந்தது, ஒருவன் அகப்பட்டான், அவ்வளவே. ஆனால் ஆட்டம் முடிந்தபோது அந்தப் பையனை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கால்பந்தை ஓரமாக வைத்துவிட்டு ஹாக்கிக்கு வரும்படி சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். மட்டை பிடித்துப் பழக்கமில்லாத, உயரமும் இல்லாத பையனிடம் அவர் எதைக் கண்டிருப்பார்?

மட்டை வித்தையை அவர் பார்த்திருக்க முடியாது. அது அன்று பையனிடம் இல்லை. உடம்பையும் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தால் மறுநாள் வரச் சொல்லியிருக்க மாட்டார். கால்பந்தில் பழகிய கண்ணும் காலும்தான் மிச்சம். எதிராளி பந்தை எந்தப் பக்கம் தள்ளப் போகிறான் என்பதைத் தள்ளுமுன்னே ஊகிப்பது, அந்த இடத்துக்கு ஒரு கணம் முந்திப் போய் நிற்பது, அவசரப்பட்டுப் பாயாமல் பந்து மட்டையை விட்டு விலகும் நேரத்துக்குக் காத்திருப்பது. பின்னாளில் உலகம் கிளாடியஸிடம் கண்டு வியந்ததெல்லாம் இவைதான். முரட்டுத்தனமாக இடித்துப் பந்தைப் பறித்தார் என்று அவரைப் பற்றி யாரும் சொன்னதில்லை. சுத்தமான ஆட்டக்காரர், நேரம் தவறாத ஆட்டக்காரர் என்றே சொன்னார்கள்.

இன்னொன்றும் உண்டு. சிறிய பையனைச் சிறிய பையன்களோடு ஆடவிட்டு எடைபோடுவது சுலபம். ஆனால் அதில் ஏமாற்றம் உண்டு. வித்தை தெரிந்த பையன் தன் வயதுக்காரர்களை ஏமாற்றிவிடுவான். தன்னைவிடப் பெரியவர்கள், விஷயம் தெரிந்தவர்கள் நடுவில் நிற்கும்போதுதான் சரக்கு தெரியும். கிளாடியஸுக்கு முதல் நாளே அந்தப் பரீட்சை கிடைத்தது. அவர் தேறினார். தங்கவயலிலும் பள்ளிக்கூடக் கோஷ்டியில் பத்துக் கோல் போட்ட பையனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. அவனைப் பெரியவர்களின் பயிற்சி ஆட்டத்தில் அரைமணி நேரம் நிறுத்திப் பார்க்கிறவர்கள் குறைவு.

ஹாக்கியில் குட்டையாக இருப்பது குறையா என்பதைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கூடைப்பந்தில் வளையம் தலைக்கு மேலே. கைப்பந்தில் வலை தலைக்கு மேலே. ஹாக்கியில் பந்து தரையில். மட்டையின் நீளம் 36, 37 அங்குலம். உயரமானவன் குனிந்து குனிந்து ஆட வேண்டும். குட்டையானவனுக்குப் பந்து கிட்டே இருக்கிறது. சட்டென்று திரும்பலாம், நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பலாம். உயரமானவனுக்கு எட்டு வீச்சு அதிகம், எட்டியிருந்தே பந்தைத் தட்டிவிடுவான் என்பது உண்மை. அதற்கு ஈடாகக் குட்டையானவன் முன்னதாகவே அந்த இடத்தில் இருக்க வேண்டும். முன்கூட்டி யோசிக்கத் தெரியாத குட்டை ஆட்டக்காரனுக்குப் பெரிய ஆட்டத்தில் இடமில்லை. யோசிக்கத் தெரிந்தவனுக்கு உயரம் ஒரு பொருட்டில்லை. பையனைப் பார்க்கிறவர்கள் இந்த ஒன்றைத்தான் பார்க்க வேண்டும், அளவு நாடாவை அல்ல.

அடுத்து சோற்றுக் கேள்வி. அந்தக் காலத்தில் ஹாக்கி ஆடுவதற்கென்று யாரும் சம்பளம் தரவில்லை. ஒலிம்பிக்கில் அமெச்சூர்களுக்கே இடம். ஆனால் ரயில்வே, துறைமுகம், சுங்கம், போலீஸ், ராணுவம் ஆகிய இலாகாக்கள் நல்ல ஆட்டக்காரனைத் தேடி எடுத்து நாற்காலி கொடுத்தன. காலையில் ஆபீஸ், மாலையில் மைதானம். கிளாடியஸும் அப்படித்தான் நகர்ந்தார். பி.என்.ஆரிலிருந்து கல்கத்தா போர்ட் கமிஷனர்ஸ் கோஷ்டிக்குப் போனார். 1949இல் கல்கத்தா சுங்க இலாகாவுக்கு வந்தார். கஸ்டம்ஸ் கோஷ்டி என்றால் கல்கத்தா ஹாக்கியில் பெரிய பெயர். 1895இல் தொடங்கிய பெய்ட்டன் கோப்பையின் வெற்றியாளர் பட்டியலில் கஸ்டம்ஸின் பெயர் திரும்பத் திரும்ப வரும். பிறகு அவர் இடம் மாறவில்லை. ஆடி முடிந்த பின்னும் அந்த உத்தியோகமே அவருக்குச் சோறு போட்டது.

தங்கவயலிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1940இல் இங்கே பிறந்த ஓட்டக்காரர் கென்னத் பவல் பெங்களூரில் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸில் வேலைக்குச் சேர்ந்து ஓடினார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனார், 1965இல் அர்ஜுனா விருது பெற்றார். காலை நம்பிப் பிழைத்தார் என்று சொல்வதைவிட, கால் அவரை ஒரு நல்ல வேலையில் உட்கார வைத்தது என்று சொல்வது பொருத்தம். ஆட்டத்தால் வேலை, வேலையால் ஆட்டம். இது அறுந்தால் இரண்டும் போச்சு. கிளாடியஸின் வாழ்க்கையில் அது அறுபடவே இல்லை. அவருடைய திறமைக்கு நிகராக இதையும் வைத்துப் பேச வேண்டும்.

மட்டை பிடித்து இரண்டே வருஷத்தில், 1948இல், லண்டன் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியக் கோஷ்டியில் கிளாடியஸ் இருந்தார். வயது 21. தேசம் இரண்டாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டனர். கிஷன் லால் தலைமையில் பெரும்பாலும் புதிய ஆட்கள். ஆகஸ்ட் 12 அன்று வெம்ப்ளி மைதானத்தில் இறுதி ஆட்டம். எதிரே பிரிட்டன். ஆண்ட நாட்டை அதன் தலைநகரிலேயே 4-0 என்று இந்தியா தோற்கடித்தது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அது. ஈரமான தரையில் வழுக்குகிறதென்று கிஷன் லாலும் கே.டி.சிங் பாபுவும் பூட்ஸைக் கழற்றிவிட்டு ஆடியதாகச் சொல்வார்கள்.

அடுத்து 1952, ஹெல்சிங்கி. கேப்டன் பாபு. இறுதியில் ஹாலந்தை 6-1 என்று இந்தியா ஜெயித்தது. அதில் ஐந்து கோல் பல்பீர் சிங்குடையவை. கிளாடியஸ் அப்போது இந்தியாவின் ரைட் ஹாஃப்.

ரைட் ஹாஃப் என்றால் என்ன என்று இன்றைய பையன்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று முன்னே ஐந்து பேர், நடுவே மூன்று பேர், பின்னே இரண்டு பேர், கோல் கீப்பர் ஒருவர். நடுவில் நிற்கும் மூவரில் வலது பக்கத்தவர்தான் ரைட் ஹாஃப். எதிராளியின் இடது ஓரத்து ஆட்டக்காரனைப் பிடிக்க வேண்டும். பிடித்த பந்தைத் தன் பக்கத்து முன்வரிசைக்கு ஊட்ட வேண்டும். அவர்கள் இழந்தால் ஓடிவந்து மறுபடி பிடிக்க வேண்டும். கோல் போட்டவன் பெயர் பத்திரிகையில் வரும். பந்தைக் கொடுத்தவன் பெயர் வராது. மைதானத்தில் எல்லோரையும்விட அதிகம் ஓடுகிறவர்களில் ஒருவன், பெயர் வாங்குவதில் கடைசி. இப்படிப்பட்ட இடத்தில் நின்று ஒருவர் உலகப் புகழ் பெற்றார் என்றால் ஆட்டம் தெரிந்தவர்கள் அவரை எவ்வளவு மதித்திருக்க வேண்டும்! பந்தைப் பறித்த அதே அசைவில் அதைச் சரியான ஆளுக்குச் சேர்ப்பது அவருடைய தனிச் சிறப்பு.

1956 மெல்போர்னில் இந்தியா ஐந்து ஆட்டங்களில் 38 கோல் போட்டது. ஒரு கோல்கூட வாங்கவில்லை. கோல் கீப்பர் சங்கர் லட்சுமணனுக்கு அதில் பங்கு உண்டு. அவர்வரை பந்தை வரவிடாதவர்களுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் காற்று திரும்பத் தொடங்கியது அங்கேதான். அரையிறுதியில் ஜெர்மனியை 1-0, இறுதியில் பாகிஸ்தானை 1-0. இறுதி ஆட்டத்தின் ஒற்றைக் கோலை ரண்தீர் சிங் ஜென்டில் போட்டார். 1928 முதல் தொடர்ந்து ஆறாவது தங்கம். வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் முன்போல் நடந்துபோய் எடுத்து வந்ததில்லை, மூச்சு வாங்கி எடுத்தது.

1960 ரோம் ஒலிம்பிக்குக்குக் கேப்டனாகக் கிளாடியஸைத் தேர்ந்தார்கள். அப்போது வயது 33. அந்தக் கோஷ்டியில் தமிழர் ஒருவர் இருந்தார். சென்னையில் பிறந்து, பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் என்ஜினியர் குரூப் என்ற ராணுவப் பிரிவில் சேர்ந்து வளர்ந்த வி.ஜே.பீட்டர். முன்வரிசைக்காரர். ரோமில் வெள்ளி, 1964இல் தங்கம், 1968இல் வெண்கலம் என்று மூன்று நிறத்தையும் வாங்கியவர். அவருக்கும் மட்டைதான் பதவி தந்தது, படை அவரைத் தாங்கியது.

காலிறுதியில் ஆஸ்திரேலியாவைக் கூடுதல் நேரத்தில் 1-0 என்று தாண்டினார்கள். அரையிறுதியில் பிரிட்டனை 1-0. செப்டம்பர் 9 அன்று இறுதி ஆட்டம். எதிரே மறுபடி பாகிஸ்தான். முதல் பாதியில் நசீர் அகமது ஒரு கோல் போட்டார். அதைத் திருப்பிப் போட இந்தியாவால் முடியவில்லை. நேரம் தீர்ந்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய ஓட்டம் 32 வருஷத்துக்குப் பின் நின்றது. ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா கண்ட முதல் தோல்வி அது. அன்று கோஷ்டியின் தலைமையில் நின்றவர் கிளாடியஸ்.

ஒருவர் மூன்று தங்கம் வாங்கியிருக்கலாம். ஊர் நினைவில் வைப்பது எதை? தோற்ற கேப்டன் என்ற சொல் அவரைச் சாகும்வரை தொடர்ந்தது. வெள்ளி வாங்கியதைச் சாதனை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. இதில் நியாயம் இல்லை என்றே சொல்ல வேண்டும். மெல்போர்னிலேயே ஒரு கோலில் தப்பித்த ஆட்டம் அது. நான்கு வருஷத்தில் மற்ற நாடுகள் கற்றுக்கொண்டன, பாகிஸ்தான் அதிகமாகக் கற்றுக்கொண்டது. ஒரு நாள் விழவேண்டிய சுவர் அவர் சாய்ந்திருந்தபோது விழுந்தது. 1964இல் டோக்கியோவில் அதே பாகிஸ்தானை 1-0 என்று வென்று தங்கத்தை மீட்டார்கள். அந்தக் கோஷ்டியில் பீட்டரும் உதம் சிங்கும் இருந்தார்கள். கிளாடியஸ் இல்லை.

இந்தியாவுக்காக நூறு ஆட்டம் ஆடிய முதல் ஹாக்கி வீரர் என்ற பெயர் அவருக்கு உண்டு. 1971இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எழுபதுகளில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போன இந்தியக் கோஷ்டிக்கு மானேஜராகவும் இருந்தார். ஆனால் அதற்குள் அவர் ஆடிய ஹாக்கியே மாறத் தொடங்கிவிட்டது. 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் புல்தரைக்குப் பதில் செயற்கைத் தரை போட்டார்கள். இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அந்தத் தரையில் பந்து குதிக்காது, நேராகப் பறக்கும். ஓட்டமும் உடல் வலுவும் முன்னைவிட அதிகம் வேண்டும். பின்னர் ஆப்சைடு விதியும் எடுக்கப்பட்டது. ஆட்கள் மாறி மாறி இறங்கலாம் என்று வந்தது. கிளாடியஸின் காலத்தில் 70 நிமிஷமும் அதே பதினொரு பேர்.

அப்படியானால் இன்றைய சின்னப் பையனுக்கு இடம் இருக்கிறதா? தன்ராஜ் பிள்ளையைப் பார்க்கலாம். தமிழ்க் குடும்பம், பிறந்தது மகாராஷ்டிரத்தில் கட்கி. பிழைக்கப் போன ஊரில், வெடிமருந்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், உடைந்த மட்டையை ஒட்டவைத்து ஆடக் கற்றவர். சதைப்பிடிப்பு இல்லாத உடம்பு. 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்கில் ஆடினார், அத்தனையும் செயற்கைத் தரையில். ஆக, தரை மாறியதால் சிறிய உடம்புக்கு வாசல் அடைபடவில்லை. வேறொன்று கடினமாகியிருக்கிறது. செயற்கைத் தரையில் பழகாத பையன், எவ்வளவு வித்தைக்காரனாக இருந்தாலும், தேர்வு நாளில் முதன்முதலாக அதில் கால் வைத்தால் பந்து அவனுக்கு முன்னே ஓடிப்போகும். கிளாடியஸுக்குக் கரக்பூர் மைதானம் வீட்டு வாசலில் இருந்தது. இன்றைய பையனுக்கு வேண்டிய தரை ரயிலேறிப் போகும் தூரத்தில் இருக்கிறது. குள்ளமா நெட்டையா என்று கவலைப்படும் பெற்றோர், வாரத்தில் எத்தனை நாள் அந்தத் தரையில் ஆடுகிறான் என்று கேட்டால் நல்லது. ரயில்வேயிலும் வேறு பல நிறுவனங்களிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை இன்றும் உண்டு. அதற்கும் ஒரு படிப்புத் தகுதி கேட்பார்கள். கிளாடியஸ் காலத்தில்கூடப் படிப்பை முற்றாக விட்டவனுக்கு நாற்காலி எளிதாகக் கிடைத்ததில்லை.

சுதந்திரத்தை ஒட்டியே ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கப்பலேறத் தொடங்கின. தங்கவயலிலும் எத்தனையோ பங்களாக்கள் காலியாகின. ஆஸ்திரேலியாவுக்குப் போனவர்கள் கையில் ஹாக்கி மட்டையையும் கொண்டுபோனார்கள். ஜபல்பூரிலிருந்து போன பியர்ஸ் சகோதரர்கள் ஆஸ்திரேலியாவுக்கே ஆடினார்கள். கிளாடியஸின் பிள்ளைகளில் சிலரும் பின்னாளில் அங்கே குடியேறினர். அவர் போகவில்லை. கல்கத்தாவில், மக்லியாட் தெருவில், சாதாரண வீட்டில் கடைசிவரை இருந்தார்.

ஒரு மகனிடம் அப்பாவின் ஆட்டம் இருந்தது. பாபி என்று கூப்பிடுவார்கள். 1978இல் போனஸ் அயர்ஸில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியாவுக்காகப் போனார். அப்பாவும் பிள்ளையும் நாட்டுக்கு ஆடிய குடும்பம் என்ற பெருமை வந்தது. அந்த வருஷமே சாலை விபத்தில் பாபி இறந்தார். மைதானத்தில் எவ்வளவு பெரிய ஆளையும் முந்திக்கொண்டு நின்ற மனிதருக்கு இதை எதிர்கொள்ளத் தெரியவில்லை. ரோம் தோல்வியைப் பற்றியாவது கேட்டால் பேசுவார். மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் வீடே மௌனமாகிவிடும் என்று அறிந்தவர்கள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

2012இல் லண்டனில் மறுபடி ஒலிம்பிக் நடந்தது. அதையொட்டி அந்நகரத்து ரயில் நிலையங்களுக்கெல்லாம் ஒலிம்பிக் வீரர்களின் பெயரைச் சூட்டி ஒரு வரைபடம் வெளியிட்டார்கள். அதில் இந்திய ஹாக்கி வீரர்கள் மூவர். தியான் சந்த், ரூப் சிங், மூன்றாவது லெஸ்லி கிளாடியஸ். புஷி என்ற நிலையத்துக்கு அவர் பெயர். ரயில்வே ஊரில் பிறந்து, ரயில்வே மைதானத்தில் மட்டை பிடித்தவருக்கு ஒரு ரயில் நிலையம். 64 வருஷத்துக்கு முன் 21 வயதுப் பையனாகத் தங்கம் வாங்கிய அதே லண்டன். அவர் அப்போது கல்லீரல் நோயில் படுத்திருந்தார். அந்த வருஷம் டிசம்பர் 20 அன்று கொல்கத்தாவில் காலமானார். வயது 85.